ஷவ்கி உஸ்தாவின் கட்டைவிரல்

கட்டைவிரலை நாக்கில் தொட்டு, கறையின் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுகிறார். பிறகு தலையைச் சாய்த்து, வாசல் வெளிச்சம் விழும் பக்கமிருந்து அந்த ஈர வட்டத்தைப் பார்க்கிறார். மேசையை வண்டியிலிருந்து இறக்கிய ஆட்கள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்குச் சொந்தக்காரர் தன் பெயரைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை.

"வீட்டுல யாருக்கோ கை நடுங்குது. இந்த மூலையில ஒக்காந்து சாப்பிடறவருக்கு" என்கிறார் ஷவ்கி.

தன் அண்ணனுக்குத்தான் என்று வந்தவர் ஒப்புக்கொள்கிறார். எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்.

"டம்ளர் வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு பாருங்க. ஒரு தடவையில வெக்க முடியல அவரால. தொட்டுத் தொட்டு எடம் பாத்து வெச்சிருக்காரு."

எதிர்க் காப்பிக்கடை பயூமி இதற்காகவே தட்டோடு வந்து நிற்பான். தும்யாத்தில் மரச்சாமான் செய்யாத தெருவே இல்லை. ரம்பச் சத்தம் கேட்காவிட்டால் அன்று வெள்ளிக்கிழமை என்று அர்த்தம். பழைய சாமானைச் சுரண்டி, கறை எடுத்து, அரக்கு மெருகு ஏற்றித் தர ஆட்கள் நிறைய உண்டு. ஆனால் கறையைப் படித்துச் சொல்கிறவர், தெருவே உஸ்தா, அதாவது தொழில் ஆசான், என்று கூப்பிடும் ஷவ்கி ஒருவர்தான். அவர் சொன்னது சரியாக இருந்தால் சாமான்காரர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தரவேண்டும் என்பது பயூமி போட்ட சட்டம். அவனுடைய வியாபாரத்தில் பாதி இப்படி நடக்கிறது.

ஒருமுறை ஒரு சோபாவின் முதுகுச் சட்டத்தைப் பார்த்து, "வாசன எண்ணெ போட்டுத் தல சீவற ஆம்பள யாரு?" என்று கேட்டுவிட்டார். வந்திருந்த பெண் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் பக்கத்தில் நின்ற கணவன் தன் வழுக்கைத் தலையை மெதுவாகத் தடவினான். சோபா அன்றே திரும்பிப் போய்விட்டது.

"உஸ்தா, நீ கறைய எடுக்கறியா, குடும்பத்த எடுக்கறியா?" என்றான் பயூமி.

சந்து முழுக்கச் சிரித்தது. ஷவ்கி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு, சொந்தக்காரர்கள் தெருமுனை திரும்பும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். மரத்தில் தெரிவதெல்லாம் மனிதர்கள் முன்னால் சொல்வதற்கில்லை என்று அவர் கற்றுக்கொண்டது அந்த வழுக்கைத் தலையிடமிருந்து.

ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஒடிசலான ஆள். முழங்கைவரை அரக்கின் பழுப்பு ஏறியிருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது, வெந்நீரில் ஊறினாலும் போகாது. அடையாள அட்டை அலுவலகத்தில் அவருடைய கைரேகை விழவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார்கள். காகிதத்தில் மையை அப்பிய பத்துப் பொட்டுகள்தான் வந்தன. ஸ்பிரிட்டும் உப்புத்தாளும் ரேகையைத் தின்றுவிட்டிருந்தன. "நீ திருடப் போயிருக்கலாம் உஸ்தா, தப்பான தொழிலுக்கு வந்துட்ட" என்று பயூமி ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

தேநீர் டம்ளரை எங்கேயும் கீழே வைக்கமாட்டார். தன் கடையிலும் சரி, அடுத்தவர் வீட்டிலும் சரி, குடித்து முடிக்கும்வரை கையிலேயே இருக்கும்; மேசைமேல் வைக்கச் சொன்னால், "வேணாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று மேசைக்காகப் பரிந்து பேசுவார். அவர் மனைவி கரீமா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கசப்புக் காப்பி சுற்றி வந்தது. ஒருவர் கோப்பையை அலமாரி மேல் வைத்தார். அழுது வீங்கிய கண்ணோடு ஷவ்கி எழுந்துபோய், கோப்பைக்கு அடியில் தன் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் அழுகை வந்தது.

கறைகளில் அவருக்கு இரண்டே சாதி. ஒன்று விருந்தாளி, இன்னொன்று குடித்தனக்காரன். சூட்டோடு வைத்த பாத்திரத்தின் வெள்ளை வட்டம் விருந்தாளி. அது மெருகோடு நின்றுவிடும், மரத்துக்குள் போகாது. பஞ்சு முடிச்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு மேலோடு ஓட்டினால் எழுந்து போய்விடும். தண்ணீர் தேங்கிக் கறுத்த வட்டம் குடித்தனக்காரன். அதை எழுப்ப ஆக்ஸாலிக் ஆசிட்டைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தடவி, காயவிட்டு, கழுவி, மறுபடி தடவவேண்டும். எல்லாவற்றிலும் பிடிவாதம் மனிதக் கையின் கொழுப்பு. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டால் அது மரத்தின் நரம்புக்குள் இறங்கிவிடும். சாக் பவுடரை பென்சினில் குழைத்து அப்பி, அது உறிஞ்சியதும் சுரண்டிப்போட்டு, புதிதாக அப்பி, இப்படி நாள் கணக்கில் போகும்.

எடுத்தாகிவிட்டது என்று தோன்றும்போதுதான் அவர் அதிகம் சந்தேகப்படுவார். உலர்ந்த மரத்தில் கறை தெரியாது. நிறம் வெளுத்து, எல்லாம் ஒன்றாக, பால்போல இருக்கும். அவசரக்காரன் அதை நம்பி அரக்கை ஏற்றிவிடுவான். முதல் ஈரம் பட்டதும் கறை அப்படியே எழுந்து வந்து நிற்கும். அப்புறம் அதை எடுக்க முடியாது, ஏனென்றால் இப்போது அது மெருகுக்கு அடியில் இருக்கிறது.

"காஞ்ச மரத்த நம்பாத. நனைச்சுக் கேளு" என்பார். அதற்குத்தான் அந்தக் கட்டைவிரல். பெரிய பரப்பாக இருந்தால் ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுப்பார். ஈரம் இருக்கும்வரை மரம் உண்மையைக் காட்டும். ஸ்பிரிட் நாலு மூச்சில் உலர்ந்துபோகும். அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே மகள் ராவியா. அவளுக்குக் கல்யாணம் பேசியபோது படுக்கையறைச் சாமான் முழுவதையும் அவரே மெருகிட்டார். கட்டில், முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மேசை, மூன்று கதவு வைத்த ஆளுயர அலமாரி. வெளிப்பக்கம் அக்ரூட் மரம், அதில் சுழிசுழியாக ஓடும் ரேகை. ஒரு மாரிக்காலம் முழுக்க வெளி வேலை எடுக்காமல் அதையே தேய்த்துக்கொண்டிருந்தார். அலமாரியின் உள்பக்கத்துக்கு மட்டும் வழக்கம்போல ஒரே ஒரு கை மெல்லிய அரக்கு. உள்ளே கனமாகப் பூசினால் வாசனை துணியில் ஏறும். "உள்பக்கம் துணி பாக்கும், மனுஷன் பாக்கமாட்டான்" என்றார். சாமான் வண்டியில் ஏறிப் போனபோது சந்து முழுக்க வாசலில் நின்று கை தட்டியது.

மாப்பிள்ளை மித்ஹத்துக்கு மன்ஸூரா நகரில், தரையில் பதிக்கும் ஓடு வியாபாரம். நன்றாக உடுத்துவான். மாமனாரைக் கண்டால் கையில் முத்தமிடாமல் உட்காரமாட்டான்.

ராவியா முதல்முறை திரும்பி வந்தபோது கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மகள் பஸ்மா கைக்குழந்தை. அவன் கோபக்காரன் என்று மட்டும் சொன்னாள். ஷவ்கி அதிகம் யோசிக்கவில்லை. கடைச் சாமானில்தான் கறை இருக்காது, குடித்தனம் நடக்கிற சாமானில் கறை இல்லாமல் இருக்காது என்று தன் தொழிலிலிருந்தே ஒரு பேச்சை எடுத்துச் சொன்னார். அப்படிச் சொல்ல முடிந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வாரக் கடைசியில் அவரே கூட்டிக்கொண்டுபோய் விட்டுவந்தார். போகும்போது பேத்தி பெயரைச் சொல்லி ஒரு பெட்டி மிஷப்பக் வாங்கினார். ஜிலேபியைப் போலவே எண்ணெயில் பிழிந்து பாகில் போட்டு எடுப்பது. ஆனால் சல்லடை மாதிரிப் பின்னல் பின்னலாக, கை அகலத்துக்கு இருக்கும். தும்யாத்திலிருந்து யார் எங்கே போனாலும் அது இல்லாமல் போவதில்லை.

இரண்டாவது முறை வந்தபோது அவள் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மறுபடி அவரே கொண்டுபோய் விட்டார். மறுபடி ஒரு பெட்டி. பஸ்மாவுக்கு அப்போது பேச்சு வந்திருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் முழுவதும் தின்றுகொண்டே போனாள். அதற்கப்புறம் மன்ஸூரா பக்கம் யார் போனாலும் அவர்கள் கையில் பேத்திக்கு ஒரு பெட்டி கொடுத்துவிடுவார்.

மூன்றாவது முறை இந்தக் குளிர்காலத்தில். ஒரு பையோடு வந்தாள். மாடியில் தன் பழைய அறையில் இருந்துகொண்டாள். ஷவ்கி கடையை மூடிவிட்டு வரும்போது மிஷப்பக் வாங்கி வந்தார். பஸ்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். தள்ளி வைத்தாள். வயிறு சரியில்லை போல என்று நினைத்தார். அடுத்த வாரமும் வாங்கி வந்தார். அதையும் தொடவில்லை. குழந்தைகளுக்கு நாக்கு மாறிக்கொண்டேயிருக்கும் என்றார் ராவியாவிடம். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

மர வியாபாரி ஹாஜ் ஷெஹாதா சமாதானம் பேச வந்தார். இரண்டு குடும்பத்துக்கும் வேண்டியவர். அவர் பேசி முடித்து, உறுதிக்கு முத்திரையாக ஃபாத்திஹா ஓதிய காரியம் எதுவும் பின்வாங்கியதில்லை என்று ஊரில் பெயர். மித்ஹத்தின் தாய் ஹாஜா இன்ஸாஃபும் கூட வந்திருந்தாள். அவள்தான் அந்த யோசனையைச் சொன்னது. இந்தப் பக்கத்தில் அது வழக்கமும்கூட. பிரிந்த புருஷனும் பெண்சாதியும் சேரும்போது படுக்கையறைச் சாமானைப் புதிதாக மெருகிட்டு, ஊர் பார்க்க வண்டியில் ஏற்றி, அதன் பின்னால் பெண்ணையும் அனுப்புவார்கள். பழையது முடிந்தது என்பதற்கு அது அடையாளம்.

"எல்லாத்தையும் புதுசாக்கிடுவோம் அபூ ராவியா. கல்யாணப் பொண்ணாட்டம் வரட்டும் எங்க வீட்டுக்கு" என்றாள் அவள், ராவியாவின் அப்பா என்று ஷவ்கியை முறையாக விளித்து.

சாமானை வேறு ஒரு பட்டறைக்கு அனுப்பினால் ஷவ்கிக்கு அவமானம் என்று ஹாஜ் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஷவ்கியும்தான். கறையைப் படிக்கிறவரிடமே அது போகிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. வேலை முடிகிற வெள்ளிக்கிழமை மகளும் கூட வருவாள் என்று அவர் வாக்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் மாடிப்படியில் ஏறிப்போய் அவளிடம் கேட்டார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னா போறேன் பாபா" என்றாள்.

அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சாமான் வந்து இறங்கிய அன்று பயூமி வழக்கம்போலத் தட்டோடு வந்துவிட்டான். "ம், சொல்லு உஸ்தா, இந்த வீட்டு ஆளுங்க எப்படி?" என்றான். சொன்ன பிறகுதான் யாருடைய சாமான் என்று அவனுக்கு உறைத்தது. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். ஷவ்கி டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

முதலில் கண்ணாடி மேசையை எடுத்தார். கண்மை சிந்திய புள்ளிகள். சென்ட் பாட்டில் கசிந்து மெருகை அரித்த ஒரு மூலை. பால் புட்டியின் வெள்ளை வட்டங்கள். எல்லாம் விருந்தாளிகள். தொட்டவுடன் போய்விட்டன. கட்டிலின் தலைப்பலகையிலும் ஒன்றுமில்லை. இரண்டு நாள் அவர் கை இலகுவாக ஓடியது. தேய்த்துக்கொண்டே பழைய பாட்டு ஒன்றை மூக்கால் இழுத்தார். நல்ல கறைகள்தான், நல்ல வீடுதான் என்று அவருக்கு ஒரு நிம்மதி வந்திருந்தது.

அலமாரியின் வெளிப்பக்கத்தை முடித்துவிட்டுக் கதவுகளைத் திறந்தார். நடுக்கதவின் உட்புறத்தில், பலகை வளையாமல் இருக்கக் குறுக்கே அடித்திருந்த கீழ்ச்சட்டத்தில், நாலு கறுத்த தழும்புகள் இருந்தன.

கைக் கொழுப்பு என்று தூரத்திலேயே தெரிந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தார். ஈரம் பட்டதும் அவை இன்னும் கறுத்தன. பக்கம் பக்கமாக நாலு விரல். அவருக்குப் புரியாதது அவை இருந்த இடம். அவர் முழங்காலுக்கும் கீழே இருந்தது அது. கதவைத் திறக்கிறவன் கை அங்கே வராது. துணி எடுக்கிறவள் கையும் வராது. உள்பக்கம் ஒரு கை அரக்குதான் என்பதால் கொழுப்பு தடையில்லாமல் இறங்கியிருந்தது. ஒரு நாள் இரண்டு நாளில் இறங்கியதல்ல.

மேசையையும் நாற்காலியையும் அவர் உட்கார்ந்து பார்த்துத்தான் படிப்பார். யார் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள், கை எங்கே கிடந்தது என்று உடம்பால் தெரிந்துகொள்வார். அலமாரிக்குள் உட்கார்ந்து பார்த்தது கிடையாது. துணி மாட்டும் கம்பியைக் கழற்றிப்போட்டுவிட்டு, குனிந்து உள்ளே போனார். முழங்காலை மார்போடு மடக்கி உட்கார்ந்தார். கதவைத் தன் பக்கம் இழுத்தார்.

இழுத்துப் பிடிக்க உள்ளே கைப்பிடி இல்லை. அந்தச் சட்டம்தான் இருந்தது. விரல்கள் தாமாகவே அந்த நாலு தழும்பின்மேல் போய் உட்கார்ந்தன. அவர் விரல் பெரிது. தழும்பு அதற்கடியில் மறைந்துபோனது.

கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். எதிர்க்கடையில் பயூமி யாரிடமோ சில்லறைக்காகக் கத்துவது உள்ளே கிணற்றுக்குள் கேட்பதுபோலக் கேட்டது. கையை விட்டால் கதவு தானாகத் திறந்துகொண்டது. அவரே ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கிய கதவு. அவ்வளவு சுலபமாகத் திறக்கும்படி செய்திருந்தார். பிடித்துக்கொண்டே இருந்தால்தான் மூடியிருக்கும்.

எழுந்திருக்கக் கையை ஊன்றியபோது அடிப்பலகை பிசுக்கென்றது. மூலையில், உட்கார்ந்த ஆளின் மடியில் ஒரு குழந்தை இருந்தால் அதன் கை படுகிற இடத்தில், ஒரு கறை. தடவிப் பார்த்தார். எண்ணெய் இறங்கிப் பாகு உறைந்த கறை. விளிம்பில் சல்லடை மாதிரி ஒரு பின்னல் அச்சு விழுந்திருந்தது. அதன்மேல் இன்னொன்று. பக்கத்தில் இன்னொன்று. கட்டைவிரலை ஈரமாக்கி அதில் தேய்த்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே விரலை நாக்கில் வைத்தார்.

இனித்தது.

"உஸ்தா எங்க? கடையத் தொறந்து போட்டுட்டு ஆளக் காணோமே" என்று யாரோ வாசலில் கேட்டார்கள். பக்கத்தில்தான் எங்கேயாவது இருப்பார் என்று பயூமி சொல்வது கேட்டது. ஷவ்கி குரல் கொடுக்கவில்லை. குழந்தை சத்தம் போடாமல் இருக்க அதன் வாயில் எதையாவது வைக்கவேண்டும். கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பெட்டி எப்போதும் இருந்திருக்கிறது. பெட்டியை அனுப்பிக்கொண்டேயிருந்தவர் அவர்தான்.

மறுநாள் காலையில் சாக் பவுடரைக் குழைத்து அந்த நாலு விரல்மேலும் கனமாக அப்பினார். பழக்கம் அது. கறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது.

மதியம் ராவியா சாப்பாடு கொண்டுவந்தாள். ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி, அரிந்த தக்காளி. தட்டோடு அலமாரி முன்னால் வந்தவள் நின்றுவிட்டாள். கதவு திறந்திருந்தது. கீழ்ச்சட்டத்தில் வெள்ளை மாவு காய்ந்து வெடித்திருந்தது. ஷவ்கி ஏறிட்டுப் பார்க்காமல் பஞ்சு முடிச்சை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

அவள் தட்டைத் தரையில் வைத்தாள்.

"அது போகாது பாபா. நான் சோப்புப் போட்டுத் தேச்சேன். எலுமிச்ச போட்டேன். போகல."

"சோப்புக்குப் போகாது" என்றார் அவர். பஞ்சு முடிச்சைக் கீழே வைத்தார். "ரொம்ப நாளா?"

"எண்ணல."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. காலாவதியான மருந்துச்சீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"குடித்தனம் நடக்கற சாமான்ல கறை இருக்கும்னீங்க" என்றாள். பிறகு, ரொட்டி காய்ந்துவிடும், சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

ரொட்டி காய்ந்துதான் போனது.

அந்த வாரம் அவர் வேலை செய்தவிதம் சந்துக்கே புதிதாக இருந்தது. வெளிப்பக்கத்துக்கு அரக்கை ஏற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றி, முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். உள்ளே மட்டும் மாவை ஒரே ஒரு தடவை அப்பி எடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். சட்டம் வெளுத்து, உலர்ந்து, சுத்தமாகத் தெரிந்தது. அவர் அதை நனைத்துப் பார்க்கவில்லை. அரக்கும் பூசவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து பார்த்து, உள்ளே ஒரு கை ஓட்டிவிடலாமே என்றார். ஆகட்டும் என்றார் ஷவ்கி. ஓட்டவில்லை.

ஹாஜுக்குக் கொடுத்த வாக்கு அவரை அரித்தது. ஊர் நடுவில் கொடுத்தது. அதைவிட அந்தச் சோபாக்காரனின் வழுக்கைத் தலை அரித்தது. மரத்தில் இருப்பதை எடுத்து நாலு பேர் முன்னால் வைத்தால் அதற்கப்புறம் அது மரத்தோடு நிற்காது. நாளைக்குத் தும்யாத்தில் யாரும் ராவியாவைப் பார்த்தால் அலமாரிக்குள் உட்கார்ந்திருப்பவளாகத்தான் பார்ப்பார்கள். வியாழக்கிழமை மாடிப்படியில் பாதிவரை ஏறினார். மேலே பஸ்மாவுக்குத் தலை சீவிவிடும் சத்தம் கேட்டது. நின்று கேட்டுவிட்டு இறங்கினார். பிறகு மறுபடி ஏறி, கதவருகில் நின்று, எல்லோரும் இருக்கும்போது அதைக் காட்டட்டுமா என்று கேட்டார்.

ராவியா சீப்பை நிறுத்தவில்லை. "காட்டினா போகவேணாமா?" என்றாள்.

அவரால் உறுதி சொல்ல முடிந்தது கறையைப் பற்றி மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தார்கள். வாசலில் வண்டி நின்றது. ஹாஜ் ஷெஹாதா வெள்ளை அங்கியில், மித்ஹத் புதுச் சட்டையில். அவன் வந்ததும் ஷவ்கியின் கையைப் பிடித்து முத்தமிட்டான். ஹாஜா இன்ஸாஃப் கட்டிலைத் தடவினாள். கண்ணாடி மேசையில் தன் முகத்தைப் பார்த்துத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். மாடிப்படியின் அடியில் ராவியாவின் பை இருந்தது. அவள் படியில் நின்றாள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பஸ்மா நின்றாள். பயூமி ஒரு தட்டு நிறைய சர்பத் கொண்டுவந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டான்.

நல்ல வார்த்தையாக நாலு சொல்லிவிட்டு, ஃபாத்திஹா ஓத ஹாஜ் கைகளை உயர்த்தினார். மற்றவர்களும் உயர்த்தினார்கள்.

"கொஞ்சம் இருங்க ஹாஜ்" என்றார் ஷவ்கி. "சாமான முழுசாப் பாத்துடுங்க. அப்புறம் ஓதலாம்."

அலமாரியின் நடுக்கதவைத் திறந்தார்.

"உள்ளயும் பளிச்சுன்னு இருக்கு. ஒங்க கைக்கு என்ன கொறச்சல் அபூ ராவியா" என்றாள் ஹாஜா இன்ஸாஃப்.

ஷவ்கி துணியை எடுத்தார். ஸ்பிரிட் பாட்டிலைக் கவிழ்த்தார். எஞ்சியிருந்த கொஞ்சம் முழுவதும் துணியில் இறங்கியது. குனிந்து கீழ்ச்சட்டத்தில் ஒரே இழுப்பாக இழுத்தார். வெளுத்த மரம் நிறம் மாறியது. அதற்குள்ளிருந்து நாலு விரல் எழுந்து வந்தன.

உயர்த்தியிருந்த கைகள் இறங்கின.

"ஒக்காந்து பாருங்க ஹாஜ்" என்றார் ஷவ்கி. "நின்னா தெரியாது. எந்த உயரத்துல இருக்குன்னு ஒக்காந்தாத்தான் தெரியும். உள்ளேருந்து புடிச்ச கை இது."

ஹாஜ் ஷெஹாதா பெரிய உடம்புக்காரர். முழங்காலில் கையை ஊன்றி மெதுவாகக் குனிந்தார். சட்டத்தைப் பார்த்தார். பிறகு அலமாரியின் உள்ளே, இருட்டான மூலையைப் பார்த்தார். பிறகு திரும்பிப் படியில் நின்றவளைப் பார்த்தார். அவள் கை கைப்பிடிச் சுவரில் இருந்தது. நாலு விரலும் தெரிந்தன.

"புள்ள ஏதாவது வெளையாடியிருக்கும்" என்றாள் ஹாஜா இன்ஸாஃப்.

மித்ஹத் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திரும்பி வருவதற்குள் ஸ்பிரிட் உலர ஆரம்பித்துவிட்டது. சட்டத்தின் ஓரங்கள் வெளுத்தன. விரல்கள் நுனியிலிருந்து மங்கின. ஒன்று போய்விட்டது. பிறகு மற்றவையும்.

"எங்க இருக்கு மாமா? ஒண்ணும் இல்லையே" என்றான் மித்ஹத். சிரிக்கக்கூட முயன்றான். "சுத்தமா இருக்கு."

ஷவ்கி துணியைப் பிழிந்தார். உலர்ந்திருந்தது. பாட்டிலைக் குலுக்கினார். அதுவும் காலி. அதைத் தரையில் வைத்துவிட்டு, அலமாரியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டார். முதல் விரல் இருந்த இடத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். அது வந்தது. மறுபடி நாக்கில் தொட்டார். இரண்டாவதை நனைத்தார். மூன்றாவதை. நாலாவதை நனைத்து முடிப்பதற்குள் முதலாவது மங்க ஆரம்பித்தது. நாக்கும் உலர்ந்திருந்தது. கட்டைவிரலை இன்னும் ஆழமாக வாய்க்குள் வைத்து ஈரமாக்கி, முதலிலிருந்து தொடங்கினார்.